இடம் சுற்றிய பூதம்

அத்தியாயம் ஏழு

"கேஸ் இதுதானே அக்கா?" என்றான் சுவாஸ்தா, வாயில் பாதிச் சோறும் கையில் மீதி வாழையிலைப் பொட்டலமுமாக. "ஒரு பூதம் இன்னொரு பூதத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கு. பிடிச்சு உள்ள தள்ளணும். எந்த ஜெயில்ல அடங்கும்னு மட்டும் விசாரிச்சு வையுங்க, விலங்கு நான் அடிச்சுக் கொண்டாறேன்."

டேசாக் ரூபினி சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் ஓட்டும்போது அவள் சிரிப்பதில்லை. பின்சீட்டில் சுவாஸ்தா இருக்கும்போது சிரித்தால் வண்டி சாக்கடையில் போய் நிற்கும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. துப்பறிய வருமுன் அவள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின கார்களைப் பார்த்து, எந்த டிரைவர் புளுகுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். மனிதர்கள் ஆயிரம் பேசுவார்கள், வளைந்த இரும்பு ஒன்றுதான் பேசும் என்பாள்.

பாலித் தீவின் தென்பசார் நகரமே தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாளை மௌன நாள். விளக்கு கிடையாது, அடுப்பு கிடையாது, தெருவில் நாயைத் தவிர ஒரு ஜீவன் நடமாடக் கூடாது. அதற்கும் சேர்த்து இன்றைக்கே கத்தித் தீர்த்துவிட வேண்டும் என்று ஊர் முடிவு செய்திருந்தது. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு பஞ்சாரும், அதாவது ஒவ்வொரு பேட்டைச் சங்கமும், தன் தெருக்காரர்கள் செய்த ராட்சசப் பூதத்தை மூங்கில் சட்டத்தில் தூக்கிக்கொண்டு நாற்சந்திக்கு வரும். சுவாஸ்தாவும் அதற்குத் தயாராகத்தான் இருந்தான். தலைத்துண்டு, கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை. சட்டையின் நெஞ்சில் மட்டும் ஒரு கறுப்புச் சொட்டு, எவ்வளவு துவைத்தும் போகாமல் உட்கார்ந்திருந்தது.

மேற்குப் பஞ்சாரின் கூடத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தவள் கடேக் விதியாரி. எந்திரவியல் கடைசி வருஷ மாணவி. அழுது முடித்துவிட்டுக் கோபத்துக்கு மாறியிருந்த முகம். அவளுக்குப் பின்னால், கூரையை முட்டிக்கொண்டு, நிலாவைக் கையில் பிடித்தபடி ராகு நின்றான். நீல உடம்பு, கோரைப் பல், திறக்கக் காத்திருக்கும் வாய்.

"நேத்து சாயங்காலம் கிழக்குப் பஞ்சார் ஒத்திகை பார்த்தாங்க அக்கா," என்றாள் கடேக். "அவங்களோடது கும்பகர்ணன். கையில குரங்கு. கை மேல போகுது, வாய் திறக்குது, குரங்கு உள்ள போகுது. அப்படியே என் எந்திரம்! நேத்து ராத்திரி கூட்டத்துல எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம், மாப்பிள்ளை கிழக்குப் பஞ்சார். கல்யாணம் ஆயிட்டா நானும் அந்தப் பஞ்சார்தானே? அதான் சீரா இதை எடுத்துக் குடுத்துட்டேனாம்."

"சீருன்னா பாத்திரம் பண்டம் குடுப்பாங்க. குரங்கு முழுங்கறதையா குடுப்பாங்க?" என்றான் சுவாஸ்தா.

"சிரிப்பா இருக்கா அண்ணே? ராத்திரி நாற்சந்தியில பூதம் செஞ்சவங்க பேரை வாசிப்பாங்க. இந்தக் கூடத்துல எந்திரம் செஞ்சதுன்னு ஒரு பொண்ணு பேரு வர்றது இதுதான் மொத தடவை. அதை வெட்டிட்டாரு தலைவரு. மௌன நாள் முடிஞ்சதும் கூட்டம் போட்டு, நான் இந்தக் கூடத்துல காலே வைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடப் போறாங்க. எங்க அப்பா இங்க பிறந்து வளர்ந்தவரு. காலைலேருந்து வெளிய வரவே இல்ல."

சுவாஸ்தா சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

ரூபினி பூதத்தின் காலடித் துணியை விலக்கினாள். "மோட்டார் எங்க?"

"கிடையாது அக்கா. நடுவுல பாருங்க, ஒரு தூண். நாற்சந்திக்கு வந்ததும் அதை இறக்கி ரோட்டுல ஊணிடுவோம், அசையாது. ஆளுங்க சட்டத்தைத் தோள்ல வச்சு அதைச் சுத்தி வருவாங்க. தூண்ல பெரிய பல்சக்கரம், சட்டத்துல சின்னப் பல்சக்கரம். பெரிசு நிக்கும், சின்னது அதைச் சுத்தி உருளும். உருண்டா அச்சு திரும்பும், அச்சு திரும்பினா தண்டைத் தள்ளும், தண்டு கையைத் தூக்கும், கை தாடையைத் திறக்கும்."

"ஆக, தூக்கறவனோட தோள்வலிதான் ராகுவுக்குக் கைபலம்," என்றான் சுவாஸ்தா.

"அதேதான் அண்ணே. பலம் எங்கயும் காணாமப் போகாது. வேற இடத்துல போய் வேலை செய்யும், அவ்வளவுதான்."

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. பேர் போகப் போகிற கவலையில் இருப்பவள்தானா இவள் என்று சுவாஸ்தா ஆச்சரியப்பட்டான்.

"சட்டத்தைச் சுத்திச் சோதிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டாள் ரூபினி.

"ஐயோ, எப்படி அக்கா? கோயிலை வலம் வருவோம், பூதத்தை இடம் சுத்துவோம். அதுவும் இன்னிக்கு ராத்திரிதான். முன்னாடியே இடம் சுத்தினா அதுங்களைக் கூப்பிட்டு உக்கார வச்ச மாதிரி ஆயிடாதா? நான் பூதத்தை அசைக்கவே இல்ல. தூணைத்தான் கையால திருகினேன். தூண் நின்னு சட்டம் சுத்தினாலும், சட்டம் நின்னு தூண் சுத்தினாலும் நடுவுல இருக்கற சக்கரத்துக்கு ஒண்ணுதான். யார் சுத்தறாங்கன்னு அதுக்குத் தெரியாது."

ரூபினி முதல் தடவையாகப் புன்னகைத்தாள். "பூதத்தையே ஏமாத்திட்ட. இந்தக் கொக்கி எதுக்கு?"

"கூட்டத்துல தூக்கறவங்க தடுமாறிப் பின்னாடி ஒரு எட்டு வச்சிட்டா, கை சடார்னு இறங்கி நிலா ரோட்டுல விழுந்துடும். அதுக்காகக் கொக்கி. இடம் சுத்தினா பல்லைப் பிடிச்சுக்கும், கை ஏறும். வலம் சுத்தினா கடகடன்னு பல்லு மேல வழுக்கிட்டு ஓடும், கை அசையவே அசையாது."

"இதை யார் யார் பார்த்தாங்க?"

"கூடம் தெறந்தேதான் கிடக்குது. யார் வேணும்னாலும் வரலாம். ரெண்டு வாரம் முன்னாடி நான் தூணைத் திருகிக்கிட்டு இருக்கும்போது இந்த அண்ணன்கூட வந்து பூதத்தோட நிழல்ல..."

"மரியாதை நிமித்தமா வந்தேன்," என்றான் சுவாஸ்தா அவசரமாக. வெயில் நேரம், குளிர்ந்த தரை, ஒரு குட்டித் தூக்கம். இதையெல்லாம் முதலாளி முன்னால் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ரூபினி அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்தாள்.

---

கிழக்குப் பஞ்சாருக்குள் மேற்குப் பஞ்சார் சார்பில் நுழைந்தால் உதை விழும். ஆகவே ரூபினி பழைய வேஷத்தையே போட்டாள்.

"பூதத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

கும்பகர்ணனின் எந்திரத்தைச் செய்த தேஜா, மோட்டார் பைக் மெக்கானிக், கை துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டான். "பூதத்துக்கா?"

"இவ்வளவு பெரிசு. டூரிஸ்ட் மேல விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று சுவாஸ்தா எடுத்துக் கொடுத்தான். "போன வருஷம் ஒரு ராட்சசி சாய்ஞ்சு ஒரு ஐஸ் வண்டி அப்பளமாயிடுச்சு. அந்த ஐஸ்காரர் இன்னும் ராட்சசியைத் தேடிக்கிட்டு இருக்காரு."

தேஜாவுக்குப் பயத்தைவிடப் பெருமை அதிகம். விழாது என்று நிரூபிக்கவே ஆட்களைக் கூப்பிட்டான். முப்பது தோள்கள் மூங்கிலுக்கு அடியில் புகுந்தன. தூண் தரையில் ஊன்றியது. சட்டம் வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது, கோயிலைச் சுற்றுவதுபோல அடக்க ஒடுக்கமாக. கும்பகர்ணனின் கை மெல்ல உயர்ந்தது, வாய் பிளந்தது, குரங்கு வாயை நோக்கிப் போனது. ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை. சுவாஸ்தா தன்னை மறந்து கை தட்டிவிட்டு, எந்தக் கட்சி என்று நினைவு வந்ததும் கொசு அடித்ததுபோல முடித்துக்கொண்டான்.

"பிரமாதம்," என்றாள் ரூபினி. "வலமாவா சுத்துவீங்க?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? ராத்திரி இடம்தான். பட்டப்பகல்ல இடம் சுத்த எங்க பசங்க ஒருத்தன் சம்மதிக்க மாட்டான். போன தடவை ஒருத்தன் தெரியாம அரைச் சுத்துச் சுத்தினான், மறுநாளே அவன் வீட்டுப் பன்னி காணாமப் போச்சு."

"அப்ப இடப்பக்கம் ஒரு தடவைகூடச் சோதிக்கல?"

"வலம் ஓடற சக்கரம் இடம் ஓடாதா? சக்கரம்னா உருண்டைதானேக்கா!"

"உள்ள ஒரு கொக்கி வச்சிருப்பீங்களே, அது எதுக்கு?"

தேஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. காதைச் சொறிந்தான். கும்பகர்ணனைப் பார்த்தான். "அது... சும்மா... அழகுக்கு."

"வயித்துக்குள்ளயா?"

"சாமி பார்க்கும்ல."

ரூபினி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை திரும்பும் வரை பொறுத்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், ஸ்கூட்டர் ஒரு கோழிக் கூடையை இடித்து, பழக்கடையில் உரசி, சாக்கடை ஓரத்தில் போய்த்தான் நின்றது.

"அழகுக்காம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுதினவனுக்கு அர்த்தம் தெரியும். பார்த்து எழுதினவனுக்குப் புள்ளியும் கமாவும்தான் தெரியும்."

"எனக்குக் கமாவும் தெரியல அக்கா," என்றான் சுவாஸ்தா, கைலியிலிருந்து மாம்பழச் சாற்றைத் துடைத்தபடி. "கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க."

---

விளக்கத்தை அவள் மேற்குப் பஞ்சாரின் கூடத்தில், இளைஞர் குழுத் தலைவன் சுதனா முன்னால் வைத்துச் சொன்னாள். சுதனா நல்லவன்தான். ஆனால் ஒலிபெருக்கி கையில் வந்ததிலிருந்து வாயால் மட்டும் பேசுவதை விட்டுவிட்டான். எதிரில் நிற்பவரிடமும் அதில்தான் பேசினான்.

"சொல்லுங்கக்கா!" என்று கூடம் அதிர்ந்தது.

காப்பிக் கடையிலிருந்து தூக்கி வந்த ஒரு கண்ணாடித் தட்டியில் ரூபினி உதட்டுச்சாயத்தால் வட்டமாக ஓர் அம்பு போட்டாள், இடப்பக்கம் சுற்றுவதாக. "மேலேருந்து பாரு. எந்தப் பக்கம் சுத்துது?"

"இடம்!"

"இப்பக் கீழ படு. அங்கேருந்து பாரு."

தலைவன் ஒலிபெருக்கியோடு மல்லாந்து படுத்தான். அம்பை விரலால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பிறகு, ஒலிபெருக்கி இல்லாமல், "வலம்," என்றான்.

"கும்பகர்ணன் பகல்ல வலம் சுத்தினதும் கை தூக்குது. கடேக்கோட எந்திரம் வலம் சுத்தினா கை தூக்கவே தூக்காது, கொக்கி வழுக்கிடும். அப்ப அவங்க கொக்கி கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பியிருக்கு. ஏன்? எவனோ கீழ படுத்துக்கிட்டு மேல பார்த்த காட்சியை அப்படியே வச்சு அந்த மெக்கானிக் வெட்டியிருக்கான். வலம் சுத்தினா ஓடுது, சந்தோஷம். இடம் சுத்திப் பார்க்கத் தைரியம் இல்ல. இந்த ஊர்ல மட்டும்தான் இந்தத் தப்பு ராத்திரி வரைக்கும் தெரியாம இருக்கும். கடேக் குடுத்திருந்தா சரியாக் குடுத்திருப்பா."

சுதனா எழுந்தான். ஒலிபெருக்கியும் எழுந்தது. "அவளே வேணும்னு தலைகீழாக் குடுத்திருந்தா?"

"குடுத்திருந்தா அவ துரோகி இல்ல, உன் தளபதி. மாலை போடு!"

சுவாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தான். சுதனா அசையவில்லை.

"ராத்திரி பார்ப்போம்," என்றான். "அவங்க பூதம் இடம் சுத்தி நின்னுடுச்சுன்னா நானே பேரை வாசிக்கறேன். ஆடிச்சுன்னா, தீர்மானம் தீர்மானம்தான்."

கடேக் ரூபினியின் கையைப் பிடித்தாள். "அதுக்குள்ள தேஜா கண்டுபிடிச்சுத் திருப்பிட்டார்னா? ஒரு ஆணியைக் கழட்டினா போதும் அக்கா."

"கண்டுபிடிக்கணும்னா இடம் சுத்தணும். பொழுது சாயற வரைக்கும் சுத்த மாட்டாங்க. எல்லாரும் சாமி மேல பாரத்தைப் போடுவாங்க, நான் பூதத்து மேல போட்டிருக்கேன். தப்பாப் போனா உன் பேரோட என் பேரும் போகட்டும்."

அன்று பிற்பகல் முழுவதும் சுவாஸ்தா படுத்தவனைத் தேடினான். உற்சாகம் தலைக்கேறியிருந்தது. கூடத்துக் காவல்காரனுக்கு இடுப்புவலி, படுத்தால் எழ முடியாது. வர்ணம் பூசியவன் ஏணியை விட்டு இறங்கியதே இல்லை. நாயை விசாரித்தான், அது வாலாட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது.

"சரியான சோம்பேறிப் பயலா இருக்கணும் அக்கா," என்று அறிக்கை கொடுத்தான். "வேலை நடக்கற இடத்துல மல்லாந்து கிடக்கறவன். அந்த மூஞ்சியை நான் பார்த்தாலே சொல்லிடுவேன்."

"கண்ணாடி இருக்கா?" என்றாள் ரூபினி.

"எதுக்கு? தலைத்துண்டு கோணலா இருக்கா?"

---

நாற்சந்தியில் தீவட்டி, தாளம், முரசு, பாட்டில் ஊதல், பிள்ளைகள் அழுகை. நகரத்தின் நாலு பக்கத் தெருக்களிலிருந்தும் கோரைப் பற்கள் வந்துகொண்டிருந்தன. முதலில் கிழக்குப் பஞ்சாரின் முறை. கும்பகர்ணன் நடுவில் வந்து நின்றான். தூண் ரோட்டில் ஊன்றியது. தேஜா கையைத் தூக்கினான்.

"இடம்!"

முப்பது தோள்களும் இடப்பக்கம் பாய்ந்தன. கடேக் கண்ணை மூடிக்கொண்டாள். சுவாஸ்தாவுக்கும் மூட வேண்டும்போல இருந்தது, ஆனால் வேடிக்கை பார்க்கும் புத்தி விடவில்லை.

முதல் சுற்று. கடகடகடகட.

இரண்டாம் சுற்று. கடகடகடகட. கும்பகர்ணனின் கை தொடையில் வைத்தது வைத்தபடி இருந்தது. குரங்கு நிம்மதியாக ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தூங்கறான்டா கும்பகர்ணன்!" என்று எவனோ கத்த, நாற்சந்தியே வெடித்துச் சிரித்தது. மூன்றாம் சுற்றும் முடிந்தது. தேஜா பூதத்தின் வயிற்றில் அடித்தான், உதைத்தான், கடைசியில் கெஞ்சினான்.

"அசையல!" சுவாஸ்தா குதித்தான். "கடேக், கண்ணைத் தொற, அசையல!"

சுதனா வாயைப் பிளந்து நின்றான். பிறகு மனதில் பட்டதைக் கேட்டான், ஒலிபெருக்கி வாயில் இருப்பதை மறந்து. "அப்ப எவன்டா அவன்?"

கேள்வி நாலு தெருவுக்கும் கேட்டது.

ரூபினி கையை நீட்டினாள். "சுவாஸ்தா, உன் போனைக் குடு."

"எதுக்கு அக்கா?"

"உன் நெஞ்சுல அந்தச் சொட்டு. அது கிரீஸ். கிரீஸ் கீழ்நோக்கித்தான் சொட்டும். சட்டையோட முன்பக்கம் விழுந்திருக்குன்னா, சட்டைக்காரன் அப்ப எப்படி இருந்தான்?"

சுவாஸ்தா குனிந்து சட்டையைப் பார்த்தான். எல்லாம் நினைவுக்கு வந்தது. குளிர்ந்த தரை, தலைக்கு மேல் அழகாக உருளும் சக்கரங்கள், தூக்கம் வருமுன் கையில் போன். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத பட்டம் விடுவோரின் போன் குழுவுக்கு அவன் அன்று அனுப்பிய வீடியோ. 'பூதத்தின் தொப்புளுக்குக் கீழே என் மதிய உறக்கம்' என்று கவிதைபோல ஒரு வரி வேறு. முதல் ஆளாக இதயம் போட்டவன், பட்டமும் கட்டும் இதே கிழக்குப் பஞ்சார் தேஜா.

"நான்... நான் தூங்கத்தான் போனேன் அக்கா."

"தெரியும். காலையிலயே தெரியும்."

"அப்ப ஏன் என்னையே தேட விட்டீங்க?"

"நாயை விசாரிச்சியே, அதைப் பார்க்கத்தான்."

சிரிப்பு வரவில்லை அவனுக்கு. வெட்கம் காது வரை சுட்டது. ஒரு பெண்ணின் பேர் போக இருந்தது, அவளுடைய அப்பா வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார், காரணகர்த்தா மாம்பழச் சாற்றோடு ஊர் சுற்றியிருக்கிறான். அவன் கடேக் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினான். "தங்கச்சி, அடிச்சுடு."

"அப்புறம் அடிக்கறேன் அண்ணே. இப்ப வழி விடுங்க, நம்ம முறை!"

ராகு வந்தான். தூண் ஊன்றியது. இடம் என்று சொல்லி முடிப்பதற்குள் சட்டம் பறந்தது. ஒரு சத்தம் இல்லை. நீலக் கை உயர்ந்தது, நிலா உயர்ந்தது, தாடை திறந்தது, நிலா உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. கூட்டம் போட்ட கூச்சலில் தீவட்டிகள் அணைந்துவிடும்போல இருந்தது. கூட்டத்தின் கடைசியில், கதவைத் திறந்து எப்போதோ வந்து சேர்ந்துவிட்ட கடேக்கின் அப்பா யாரோ முன்பின் தெரியாதவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுதனா தொண்டையைச் செருமிக்கொண்டு பேர் வாசிக்க நிமிர்ந்தான். பார்த்தால் கடேக்கைக் காணோம்.

அவள் கிழக்குப் பஞ்சாரின் ஓரத்தில் இருந்தாள். அங்கே முப்பது பேரும் இன்னும் சட்டத்தை இறக்காமல், முகம் தொங்கி நின்றிருந்தார்கள். அடுத்த மாதம் அவளுடைய தெருக்காரர்கள் ஆகப் போகிறவர்கள். தேஜா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஸ்பேனர் குடுங்க," என்றாள் அவள்.

"தங்கச்சி, நான் உன்னோடதைத் திருடி..."

"திருடினீங்க. அதை நாளன்னிக்குப் பேசலாம். என் எந்திரம் நடுரோட்டுல செத்து நிக்கறதை என்னால பார்க்க முடியாது. குடுங்க!"

கும்பகர்ணனுக்கு அடியில் அவள் புகுந்தாள். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

சுதனா ஒலிபெருக்கியை உயர்த்தினான். "மேற்குப் பஞ்சார்! எந்திரம் செஞ்சது, கடேக் விதியாரி!"

"என்னது?" என்றது பூதத்தின் அடியிலிருந்து ஒரு குரல். "முரசுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை!"

தலைவன் கையைக் காட்டினான். முரசு நின்றது, தாளம் நின்றது. அவன் அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் போய் நின்று இன்னொரு தரம் சொன்னான், நாற்சந்தி முழுக்கக் கேட்கும்படி. அப்போது கொக்கி திரும்பி உட்காரும் சத்தம் 'டக்' என்று கேட்டது. முப்பது பேரும் இடப்பக்கம் அடி எடுத்து வைக்க, கும்பகர்ணனின் கை மேலே எழுந்தது.

மூன்றாம் தடவை சொல்லும்படி அவள் கேட்கவில்லை. சுதனா தானாகவே சொன்னான்.